டெக்சாஸ் ரெக்கார்டை ஸ்பானிஷ்ல மாத்துறதுல ஒரு சிக்கல்

டெக்சாஸ்ல எடுத்த ஒரு கிரிமினல் பேக்ரவுண்ட் செக் ரிப்போர்ட்ட இங்கிலீஷ்ல இருந்து ஸ்பானிஷுக்கு மாத்திட்டு இருக்கேன், ஸ்பெயின்ல விசாவுக்கு கொடுக்கணுமாம், வெள்ளிக்கிழமை டெட்லைன். மத்ததெல்லாம் ஓரளவு முடிஞ்சிடுச்சு. கன்விக்‌ஷனுக்கு (குற்றவாளின்னு தீர்ப்பாகுறது) 'கோன்டேனா' போட்டேன் ('கோன்விக்ஸியோன்'னு போட்டா மனசுல உள்ள நம்பிக்கைன்னு ஆயிடும், முதல் டிராஃப்ட்ல நானே அப்படி போட்டு வச்சிருந்தேன்), டிஸ்மிஸ்டுக்கு 'சோப்ரெசெய்தோ'.

மாட்டிக்கிட்டது 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்'ல. ஆள் குத்தத்த ஒத்துக்கிட்டாரு, ஆனா ஜட்ஜ் குற்றவாளின்னு தீர்ப்பே சொல்லாம கண்காணிப்புல விட்டு, அது முடிஞ்சதும் கேஸ டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. 'சுஸ்பென்ஸியோன் தே லா பேனா'ன்னு போட்டுப் பாத்தேன், ஸ்பெயின்ல அது தண்டனை விதிச்சப்புறம் நிறுத்தி வைக்கிறது, அதாவது இல்லாத கன்விக்‌ஷன நானே அவர் தலைல கட்டுன மாதிரி. மெக்சிகோல இருக்குற 'சுஸ்பென்ஸியோன் கோன்திஸியோனால் தெல் ப்ரோஸேஸோ' (நிபந்தனையோட கேஸ நிறுத்தி வைக்கிறது) கிட்ட வருது, ஆனா அதுக்கு குத்தத்த ஒத்துக்கணும்னு இல்ல. ரெண்டு டிக்‌ஷனரி பாத்தாச்சு, மெஷின் டிரான்ஸ்லேஷன் முழுசா சொதப்பல்.

இங்கிலீஷ் வார்த்தைய அப்படியே வச்சு பக்கத்துல ஸ்பானிஷ்ல ஒரு வரி விளக்கம் போடுறதா, இல்ல ஸ்பெயின்ல ஏத்துக்குற மாதிரி வேற வார்த்தை யாராவது யூஸ் பண்ணிருக்கீங்களா?