தூத்துக்குடி – சென்னை – கோலாலம்பூர்: லேப்டாப்போடு ஏழு கிலோவுக்குள் எந்தப் பை?

முத்துநகர்

வணக்கம். அலுவலகப் பயிற்சிக்காக அடுத்த மாதம் கோலாலம்பூர் போகிறேன். ஐந்து இரவுகள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு இண்டிகோ, அங்கிருந்து ஏர் ஏசியா. இரண்டும் தனித்தனி டிக்கெட். அதனால் பெட்டியை செக்-இன்னில் போட்டால் சென்னையில் அதை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு இழுத்துப்போய், மறுபடியும் வரிசையில் நின்று போட வேண்டும். கைப்பையோடு முடித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

சிக்கல் எடையில்தான். வீட்டிலிருக்கும் நான்கு சக்கர டிராலியைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். வெறும் பெட்டியே 3.1 கிலோ. லேப்டாப் 15.6 அங்குலம், 2.1 கிலோ. செங்கல் போலிருக்கும் அதன் சார்ஜர் வயரோடு 450 கிராம். ஆக 5.65 கிலோ. ஏழில் மிச்சம் 1.35. இரண்டு சுடிதாரும் ஒரு ஜோடி செருப்பும் வைத்தால் தீர்ந்தது.

முதுகுப் பைக்கு மாறலாம் என்றால் எனக்கு இடுப்பு வலி உண்டு, நீண்ட நேரம் சுமக்க முடியாது. இண்டிகோவில் 7 கிலோ பையோடு லேப்டாப் பை தனியாக 3 கிலோ என்று போட்டிருக்கிறது. ஏர் ஏசியாவிலும் அப்படித்தானா? எந்த மாதிரிப் பை வாங்குவது?

வடக்குவாசல்

அப்படி இல்லை அக்கா. ஏர் ஏசியாவில் இரண்டு பைகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்துதான் 7 கிலோ. பெரியது 56 × 36 × 23 செ.மீ., சின்னது 40 × 30 × 10 செ.மீ. இண்டிகோவின் 7+3 கணக்கை நம்பிப் பத்துக் கிலோவோடு வந்தால் சென்னைக் கவுன்டரில் மாட்டிக்கொள்வீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் எந்த விமானத்தின் விதி இறுக்கமோ, அதற்கேற்பத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேரும். கடை அட்டையில் இருக்கும் ‘20 அங்குலம்’ சில சமயம் சக்கரத்தை விட்டுவிட்டு அளந்ததாக இருக்கும். அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். விரிக்கும் ஜிப் உள்ள பெட்டியென்றால் அந்த ஜிப்பைத் திறக்கவே திறக்காதீர்கள். ஆழம் நாலைந்து சென்டிமீட்டர் கூடிவிடும்.

ஏழாம்வரிசை

எடையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். தூத்துக்குடி விமானத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே வருவது பெரும்பாலும் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. ஏர்பஸ் 320இல் தாராளமாக நுழையும் டிராலி இதில் நுழையாது. விமானத்துக்குப் பக்கத்திலேயே பெட்டியில் சீட்டுக் கட்டி வாங்கிச் சரக்குப் பகுதியில் வைத்துவிடுவார்கள். இது அவர்களுடைய வழக்கமான ஏற்பாடு, சண்டை போட்டுப் பயனில்லை.

ஆகவே லேப்டாப் டிராலிக்குள் இருக்கவே கூடாது. வேறொரு ஊரில், விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம், படிக்கட்டருகில் இப்படிப் பெட்டியைக் கேட்டபோது என் முன்னால் நின்றவர் கொளுத்தும் வெயிலில் தரையில் அதைத் திறந்து, மடித்த துணியையெல்லாம் அள்ளி வெளியே போட்டு, அடியில் இருந்த லேப்டாப்பை உருவினார். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தோம். பெல்ட் ஒன்று காற்றில் உருண்டு போனது.

பவர் பேங்க் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. அது சரக்கறைக்குப் போகவே கூடாது. கேபினில் புகைந்தால் பணியாளர்கள் அணைத்துவிடலாம். சரக்கறையில் புகைந்தால் யாரும் எட்ட முடியாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் சொன்னார்கள். அதன் பிறகு மலேசிய, சிங்கப்பூர் விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டன. மேல்தட்டில் வைக்காமல் உங்கள் இருக்கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர்

ஏடிஆர் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை, நன்றி. அப்படியானால் முன்பக்கம் லேப்டாப் அறை வைத்த டிராலி ஒன்றைக் குறித்து வைத்திருந்தேனே, அது சரிப்படுமா? பெட்டியைக் கேட்டால் ஜிப்பைத் திறந்து லேப்டாப்பை உருவிவிடலாம் அல்லவா?

பிராட்வே பைக்கடை

நான் பை விற்கிறவன், இருந்தாலும் அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முன்னறை வைத்த கெட்டி ஓட்டுப் பெட்டிக்குத் தனிக் கதவு, தனி ஜிப், தனித் தடுப்பு எல்லாம் உண்டு. வெறும் எடை மூன்று கிலோவைத் தாண்டிவிடும். இன்னொன்று, முன்னறையில் இரண்டு கிலோ லேப்டாப்பை வைத்துவிட்டுக் கைப்பிடியை விட்டுப் பாருங்கள். உள்ளே துணி குறைவாக இருந்தால் பெட்டி முகங்குப்புற விழும். முதலில் தரையில் மோதுவது லேப்டாப்தான். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம், எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

உருவிய லேப்டாப்பை எதில் வைப்பீர்கள்? மடியிலா?

உங்களுக்கு ஏற்றது துணியாலான இரண்டு சக்கர கேபின் டிராலி. நான்கு சக்கரம் கடையின் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்க அழகுதான். ஆனால் அவை பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் அந்த 56 செ.மீ.யில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். இரண்டு சக்கரம் பெட்டியின் மூலையில் புதைந்திருக்கும். உள்ளே இடம் கூடுதல், எடை குறைவு, கரடுமுரடான நடைபாதையிலும் இழுபடும். இரண்டு கிலோ அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வெறும் எடை உள்ளதைக் கேளுங்கள். எத்தனை லிட்டர் என்று கேட்காதீர்கள். ஏழு கிலோ விதிக்கு முன்னால் லிட்டருக்கு மதிப்பில்லை.

லேப்டாப்புக்கு மெல்லிய தோள்பை. 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம்; உடம்பு ஏறக்குறைய 36 செ.மீ. அகலம் இருக்கும். 40 × 30 அளவுக்குள் அடங்கும். பையின் உள்ளே லேப்டாப் அறையின் அடிப்பகுதி, பையின் அடித்தட்டைத் தொடாமல் இரண்டு விரல்கடை மேலே நிற்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பையைத் தரையில் ‘டொப்’பென்று வைக்கும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். பின்புறம் டிராலியின் கைப்பிடியில் மாட்டும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தால் உங்கள் தோளுக்கும் இடுப்புக்கும் வேலையே இல்லை.

வடக்குவாசல்

அண்ணன் சொன்னதோடு சார்ஜரையும் மாற்றுங்கள். லேப்டாப்பில் யுஎஸ்பி-சி துளைக்குப் பக்கத்தில் மின்செருகி அல்லது பேட்டரி குறி இருக்கிறதா? இருந்தால் அதன் வழியாகவே பெரும்பாலும் சார்ஜ் ஏறும். பழைய சார்ஜரின் அடியில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பதுபோல் எழுதியிருக்கும். பெருக்கினால் 65 வாட். அதே வாட் உள்ள சின்ன கேலியம் நைட்ரைடு சார்ஜர் வயரோடு 150 கிராம் அளவில் கிடைக்கும். போனுக்கும் அதுவே போதும்.

இப்போது கணக்கு: டிராலி 2, தோள்பை 0.3, லேப்டாப் 2.1, சார்ஜர் 0.15. மொத்தம் 4.55 கிலோ. மிச்சம் 2.45. முன்பைவிட ஒரு கிலோவுக்கு மேல் லாபம்.

பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. 100க்குள் இருப்பதால் அனுமதியில் தடையில்லை. ஆனால் அது 350 கிராமுக்கு மேல் இழுக்கும். 10,000 போதும்.

சும்மாஇரு

இவ்வளவு பாடு எதற்கு? கோலாலம்பூர் டிக்கெட்டில் இணையத்திலேயே செக்-இன் எடை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போங்கள். கவுன்டரில் கட்டுவதைவிடக் குறைவுதான். இடுப்பு வலியோடு 2.45 கிலோவை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏழாம்வரிசை

பாதிதான் சரி. போகும்போது வேண்டாம், திரும்பும்போது மட்டும் வாங்கட்டும். வரும்போது எப்படியும் சென்னையில் சுங்கம் தாண்டிப் பெட்டியோடுதான் வெளியே வர வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடிக்கு உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோ செக்-இன் ஏற்கெனவே இருக்கிறது. கோலாலம்பூரில் கடைக்குப் போகாமல் திரும்பியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

முத்துநகர்

போகும்போது கைப்பை, வரும்போது செக்-இன் என்றே வைத்துக்கொள்கிறேன். லேப்டாப்பில் பேட்டரி குறி இருக்கிறது, நல்லவேளை. துணி டிராலி பார்க்க ஞாயிறன்று கடைக்குப் போகிறேன், தராசையும் எடுத்துக்கொண்டு.

கடைசியாக இரண்டு. தேங்காய் எண்ணெய், எலுமிச்சை ஊறுகாய் கைப்பையில் போகுமா? அங்குள்ள சக ஊழியர்களுக்கு மக்ரூன் கொண்டுபோக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை.

வடக்குவாசல்

எண்ணெய் 100 மி.லி. அல்லது அதற்குக் குறைவான குப்பியில். 200 மி.லி. குப்பியில் பாதி இருந்தாலும் எடுத்துவிடுவார்கள், குப்பியின் அளவுதான் கணக்கு. ஊறுகாயை விட்டுவிடுங்கள். சோதனையில் லேப்டாப்பைத் தனித் தட்டில் எடுத்து வைக்கச் சொல்வார்கள், தூத்துக்குடியிலும் சென்னையிலும். தோள்பையில் அதற்கு மேல் வேறு எதையும் அடுக்காதீர்கள். மலேசியாவில் மூன்று தட்டைக் கம்பிச் செருகி. நம்மூர் உருண்டைக் கம்பி நுழையாது. மாற்றுச் செருகி ஒன்று இங்கேயே வாங்கிவிடுங்கள்.

பிராட்வே பைக்கடை

மக்ரூன் அரை கிலோ என்றாலே பெரிய டப்பாவாக வரும், அதற்குள் பாதி காற்று. எடை பிரச்சினை இல்லை, இடம்தான். ஏடிஆரில் டிராலியை வாங்கி அடுக்கும்போது அட்டைப்பெட்டி நசுங்கிப் பொடியாகிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, டிராலியின் நடுவில், சுற்றிலும் துணி வைத்து அடுக்குங்கள். மேலே செருப்பை வைக்காதீர்கள்.