மறு: பாக்டீரியாவில் பாஸ்பேட்டேற்றம் – உணரி, துலங்கி என்ற சொற்கள் பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம்.

> கைனேஸுக்கு "பாஸ்பேட் ஏற்றி", அந்த ஜோடிப் புரதங்களுக்கு "இருகூறு அமைப்பு" என்று வைத்துக்கொண்டு கட்டுரையை முடித்துவிடலாமா?

கைனேஸ் என்பது புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. ஜோடி என்றது, பாக்டீரியாவில் சூழலை அறியும் ஒரு புரதத்தையும் அதனிடமிருந்து பாஸ்பேட்டைப் பெற்றுச் செயல்படும் இன்னொரு புரதத்தையும். இவற்றைப் பற்றிய தமிழ்க் கட்டுரைக்கான சொற்களை இப்போதே முடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சொல் பாதி வேலையைத்தான் சொல்கிறது. இரண்டாவதில் எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது.

"ஏற்றம்" என்ற ஈற்றை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம், மின்னேற்றம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே பழகிய வழி அது. இதே வினைக்கு வழங்கும் பாஸ்பரிகரணம் என்ற சொல்லில் எது எதன்மேல் ஏறியது என்பது தெரிவதில்லை. ஏறுவது பாஸ்பரஸ் என்ற தனிமம் அல்ல, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் தொகுதி. ஆகவே பாஸ்பேட்டேற்றம் என்பதே பொருத்தம். எதிர்மின்சுமையோடு வந்து ஒட்டும் அந்தத் தொகுதி புரதத்தின் வடிவத்தையும் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. ஈழத்து நண்பர்கள் பொசுபோரிலேற்றம் என்பதையே தொடரலாம். பொசுபேற்றேற்றம் என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறுகிறது.

ஆனால் நொதிக்கு "ஏற்றி" என்று பெயர் வைத்தால் சிக்கல் வருகிறது. 1986இல் ஆய்வாளர்கள் நிங்ஃபாவும் மகசானிக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டதை எடுத்துக்கொள்வோம். நைட்ரஜன் குறையும்போது என்டிஆர்-பி என்ற புரதம் என்டிஆர்-சி மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே என்டிஆர்-சி, குளூட்டமினை ஆக்கும் நொதியின் மரபணுவை முடுக்குகிறது. நைட்ரஜன் தாராளமாக இருந்தாலோ, அதே என்டிஆர்-பி இன்னொரு புரதத்தின் துணையோடு அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. சவ்வூடு அழுத்த மாற்றத்துக்கு ஏற்பச் செயல்படும் என்வி-இசட் என்ற புரதமும் இப்படித்தான், ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். இதை ஏற்றி என்று மட்டும் அழைப்பது வாசகரைத் தவறான பக்கம் தள்ளும். சூழலை அறிவதே இதன் தலையாய வேலை என்பதால் "உணரி" என்கிறேன். கைனேஸ் என்ற பொதுப்பெயர் பாடநூல்களில் ஊன்றிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும்.

ஜோடியின் மறுபாதிக்குச் சென்ற மடலில் "துலக்கி" என்று ஒருவர் முன்வைத்திருந்தார். தூண்டல்–துலங்கல் என்ற பழகிய இணையிலிருந்து அதை எடுத்தது அழகு. ஆனால் துலக்குவது பிறவினை. பாத்திரம் துலக்குவதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது தன்வினை. பாஸ்பேட் வந்து அமர்ந்ததும் அந்தப் புரதமே வடிவம் மாறித் துலங்குகிறது. எனவே "துலங்கி". இதில் இன்னொரு வசதியும் உண்டு. என்டிஆர்-சி மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது. சிஎச்இ-ஒய் என்ற இன்னொரு துலங்கி மரபணுப் பக்கமே போகாமல் நேரே, பாக்டீரியா நீந்த உதவும் கசையிழையின் மோட்டாரில் ஒட்டிச் சுழலும் திசையை மாற்றுகிறது. "மரபணு நெறிப்படுத்தி" என்றிருந்தால் இரண்டாவது வெளியே நின்றிருக்கும். துலங்கி இரண்டுக்கும் இடம் தருகிறது.

ஆக, இருகூறு அமைப்புக்குப் பதில் "உணரி–துலங்கி இணை".

இனி, கட்டுரையாளர் கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டிய ஒன்று. இந்த இணையில் பாஸ்பேட் முதலில் உணரியின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஏறி, பிறகு துலங்கியின் ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்துக்குப் போகிறது. ஹிஸ்டிடினில் உள்ள பிணைப்பு அமிலத்தில் சிதைந்துவிடும். அமிலம் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வுமுறைகளில் அது கண்ணில் படாமலே போவதற்கு இதுதான் காரணம். இந்த நகர்வை "கைமாற்றம்" என்று தனியே சொல்ல வேண்டும்.

காசநோய்க் கிருமியிலோ இத்தகைய இணைகளைத் தவிர, செரீன், திரியோனின் என்ற அமினோ அமிலங்களின் மேல் பாஸ்பேட்டேற்றும் கைனேஸ்கள் 11 இருக்கின்றன. அங்கே பாஸ்பேட் கைமாறுவதில்லை, ஏறிய இடத்திலேயே தங்குகிறது; எடுக்க வேண்டுமானால் தனி நொதி வர வேண்டும். அவற்றுள் பிகேஎன்-பி இல்லாமல் அந்தக் கிருமி பிழைக்காது. அதன் வெளிப்பகுதி செல்சுவரின் துணுக்குகளைப் பிடித்து உணர்கிறது. உள்பகுதி சிடபிள்யூஎல்-எம் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டேற்ற, அது சுவர்க்கட்டுமானத்தின் முதற்படி நொதியான முர்-ஏவை முடுக்குகிறது. பட்டினியில் பாஸ்பேட் நீங்கிவிட, சுவர் வேலை மந்தமாகிறது, வளர்ச்சியும் மந்தமாகிறது. சுவர் வளர்வதைச் சுவரின் துணுக்கைக் கொண்டே அளக்கும் இந்த ஏற்பாடு கட்டுரையில் விரிவாக வர வேண்டும் என்பது என் விருப்பம். பிகேஎன்-பியும் உணர்கிறதுதான், ஆனாலும் துலங்கி என்ற துணை அதற்கு இல்லை. ஆகவே அதை உணரி என்னாமல் "உணர்கைனேஸ்" என்றே எழுதலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா வித்து (ஸ்போர்) உண்டாக்கும்போது பாஸ்பேட் ஒரே தாவலில் போகாமல் நடுவே இரண்டு புரதங்களில் தங்கித்தான் எஸ்பிஓ-0ஏ என்ற துலங்கியை அடைகிறது. "தொடர் கைமாற்றம்" என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. நடுவில் வாங்கிக் கொடுக்கும் அந்தப் புரதங்களுக்கும் பெயர் வேண்டும். யாரிடமாவது நல்ல சொல் உண்டா?

அன்புடன்.