புதுப்பிப்பு: .315 ரைஃபிளுக்கு '8 எம்எம்' தோட்டா பொருந்துமா? (விடை கிடைத்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தாத்தா வழியில் வந்த ரைஃபிளின் குழலிலும் உரிமத்திலும் .315 என்றிருக்க, கடையில் கொடுத்த தோட்டாவின் அடியில் '8 எம்எம் கே.எஃப்.' என்று இருந்ததே, இரண்டும் ஒன்றா என்று கேட்டிருந்தேன்.

ஒன்றேதான். "எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதே, உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டு" என்று ஒருவர் சொன்னதுதான் உதவியது. .315 என்பது பழைய 8×50 மன்லிக்கர் என்ற ஆஸ்திரியத் தோட்டாவின் (8 மி.மீ. குழல், 50 மி.மீ. உறை) இந்தியப் பெயர்; .315 அங்குலம் என்றால் 8 மி.மீ.தான். கே.எஃப். என்பது புணே அருகே உள்ள கட்கி தொழிற்சாலையின் முத்திரை.

எதிர்பாராதது, ரைஃபிளின் போல்ட் அமைப்பு (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) .303 லீ-என்ஃபீல்டு என்ற ஆங்கிலேய ராணுவ ரைஃபிளுடையதே. அதனால் ".303 போட்டாலும் ஓடும்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். .303 தோட்டாவின் உறை (வெடிமருந்து இருக்கும் உலோகக் கூடு) 56 மி.மீ. நீளம், .315-இனுடையது 50. குண்டின் விட்டமும் வேறு: அது சுமார் 7.9 மி.மீ., இது 8.2. மாற்றிப் போடுவது உயிருக்கே ஆபத்து. அப்புறம், .303 இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட காலிபர் (குழல் அளவு). ராணுவத் தோட்டா வெளியாட்கள் கையில் பயன்படக் கூடாது என்று ஆங்கிலேயர் போட்ட தடையால்தான் .315 இங்கே பரவியது.