வண்ண ரெசினில் அரூப ஓவியம்: தற்செயலா, கைத்தேர்ச்சியா?

காரைக்குடி, ரெசின் ஓவியர்:
கானாடுகாத்தானில் புதுப்பிக்கப்படும் ஒரு வீட்டின் வளவுச் சுவருக்காக (நடுமுற்றத்தைச் சுற்றிய சுவர்), நீலமும் செம்மண் நிறமும் ஓடும் அரூப ஓவியம் ஒன்றை எபாக்சி ரெசினில் (கடினமாக்கி கலந்ததும் இறுகும் செயற்கைப் பிசின்) செய்து வருகிறேன். மாதிரியைப் பார்த்த சிலர், இது தானாக ஓடிய சாயமே தவிர ஓவியம் அல்ல என்கிறார்கள். இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆத்தங்குடி, பூக்கல் பட்டறைக்காரர்:
நானும் அதைத்தான் சொல்வேன், தங்கச்சி. பூக்கல் என்னும் பூவேலைத் தரை ஓட்டுக்கு நாங்கள் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்த பிறகும் ஒரு வண்ணம் அடுத்ததில் கலக்காமல் நிற்கவைக்கிறோம். குழம்பு கொஞ்சம் நீர்த்துவிட்டால் பூ கலைந்துபோகும். நீங்களோ கலைவதற்கென்றே ஊற்றுகிறீர்கள். எங்கே போய் நிற்கும் என்று ஊற்றுபவருக்கே தெரியாத ஒன்றை எப்படிக் கைத்தேர்ச்சி என்பது?

காரைக்குடி, ரெசின் ஓவியர்:
தெரியாமல் ஊற்றுவதில்லை, அண்ணே. ரெசினையும் கடினமாக்கியையும் குறித்த விகிதத்தில் கலந்த நொடியிலிருந்து அது இறுகத் தொடங்கிவிடுகிறது. நீர்த்திருக்கும்போது ஊற்றினால் வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கரையும், தேன் பதத்துக்கு வந்தபின் ஊற்றினால் விளிம்பு கலையாமல் நிற்கும். எனவே எந்த வண்ணத்தை எப்போது ஊற்றுவது என்பதே எனக்குக் கோடு. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை கனமானது. அதை நீலத்தின் மேல் ஊற்றினால் அது கீழிறங்க, லேசான நீலம் அதைப் பிளந்துகொண்டு மேலே வந்து கண்கண்ணாகத் திறக்கும். அடர்த்தி வேறுபாட்டின் இந்த விளைவை மெக்சிகோ ஓவியர் சிகேரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் கார்களுக்குப் பூசும் வகை வண்ணங்களைக் கொண்டே கையாண்டார். வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் அங்கே பயின்றவர்தான்.

தேவகோட்டை, பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்:
கலையா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள்; என் கவலை பொருளைப் பற்றியது. வளவில் மேலிருந்து நேர் வெயில் விழும். புற ஊதாக் கதிர் பட்டால் எபாக்சி மஞ்சளிக்கும்; தடுப்பான் சேர்த்த ரெசினும் அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. அடர்நீலம் வெயிலில் கடுமையாகச் சூடேறி, மேற்பரப்பு இளகித் தடம் பதியும். மழைக்கால ஈரக்காற்றில் ஊற்றினால் வெண்படலம் வேறு படரும். சுண்ணாம்புச் சுவரின் மேல் நேரடியாக ஊற்றுவதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்தச் சுவர் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. கையுறை போடாமல் ஊற்றும் படங்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

காரைக்குடி, ரெசின் ஓவியர்:
வெயில் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, ஐயா. தனிப் பலகையில் ஊற்றி, வளவை விட்டுப் பட்டாலை எனும் கூடத்தின் உட்சுவரில் மாட்டும்படி வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். நைட்ரைல் கையுறை இல்லாமல் நான் டப்பாவைத் திறப்பதே இல்லை.

ஆத்தங்குடி, பூக்கல் பட்டறைக்காரர்:
நேரம் பார்த்து ஊற்றுவது தேர்ச்சிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பூவை இன்றும் நாளையும் ஒரே மாதிரி எடுக்க முடியும். உங்கள் நீலக் கண்களை இன்னொரு பலகையில் அதே இடத்தில் திறந்து காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்குடி, ரெசின் ஓவியர்:
அதே கண்கள் வராது, அண்ணே. அதே ஓரத்தில், ஏறக்குறைய அதே அளவில் வரும். அதற்கு மேல் நான் கேட்பதும் இல்லை. மாதிரிப் பலகைகள் இரண்டையும் பட்டறைக்கே கொண்டுவருகிறேன்.