சிவன்மலை உத்தரவுப் பெட்டியை நிரூபணம் என்று சொல்லலாமா?

காங்கேயத்துக்காரன்:
சிவன்மலை சுப்பிரமணியர் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் யாருடைய கனவிலாவது ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொன்னால், சாமி முன் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளை வந்தால் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். நடக்கப்போவதை அந்தப் பொருள் முன்கூட்டியே காட்டும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்த பிறகுதான் 2004 சுனாமி வந்தது என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார். நானும் மலையேறிக் கும்பிடுகிறவன்தான். ஆனால் இது நிரூபணம் ஆகுமா?

நூல்மில் சூப்பர்வைசர்:
ஆகாதுங்க. தண்ணீர் வைத்தால் வெள்ளம் வந்தாலும் பொருந்தும், வறட்சி வந்தாலும் பொருந்தும். எது நடந்தால் பொய்யாகும் என்று சொல்ல முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்று அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-லேயே எழுதிவிட்டார். அடுத்த பொருள் வைத்த அன்றே, இன்னது நடக்கும் என்று மாமாவை எழுதித் தரச் சொல்லுங்கள். (தர மாட்டார்.)

சென்னிமலைக்காரி:
அறிவியல் இல்லாததெல்லாம் அர்த்தமில்லாதது என்று பாப்பர் சொல்லவில்லையே தம்பி. அறிவியலுக்கும் மற்றதுக்கும் நடுவில் கோடு போட்டார், அவ்வளவுதான். என் கல்யாணத்துக்கு அம்மா கோயிலில் இதே மாதிரி பூ வைத்துப் பூவாக்குக் கேட்டார். மாப்பிள்ளை நல்லவர் என்பதற்கு ஆதாரமாக இல்லை, அன்றைக்கு ராத்திரி தூங்குவதற்கு.

காங்கேயத்துக்காரன்:
சரிங்க அக்கா. சிவப்பு வந்திருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பாரா?

சென்னிமலைக்காரி:
மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு. இன்னொரு கோயிலில் கேட்டிருப்பார்.