மிலான், பாசெல், டெஸ்ஸாவ்: டிசைன் தொழில் தொடங்குபவருக்கான பயணம்

கேள்வி: விளக்கு, நாற்காலி வடிவமைத்து விற்கும் எண்ணம். ஏப்ரலில் மிலான் மரச்சாமான் கண்காட்சி, பிறகு சுவிட்சர்லாந்தின் பாசெல், ஜெர்மனியின் டெஸ்ஸாவ். ரயில் பாஸ் போதுமா? மாதிரிகளைக் கையோடு எடுத்துப் போகலாமா?

பதில் 1: பாஸ் மட்டும் போதாதுங்க. இத்தாலிய வேக ரயில்களிலும், மிலானிலிருந்து சுவிஸ் போகும் யூரோசிட்டி ரயிலிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். பாசெலில் 8ஆம் எண் டிராம் எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் வரை போகும். அங்கே மரச்சாமான் நிறுவனமான விட்ராவின் வளாகம்: கட்டடக்கலைஞர்கள் ஃப்ராங்க் கெரி வடிவமைத்த அருங்காட்சியகம் (1989), ஜஹா ஹதீத் வடிவமைத்த தீயணைப்பு நிலையம் (1993). ஒரு முழு நாள் ஒதுக்குங்க. டெஸ்ஸாவில் பௌஹவுஸ் டிசைன் பள்ளிக்காக க்ரோபியஸ் வடிவமைத்த 1926 கட்டடத்துக்கு அரை நாள் போதும்.

பதில் 2: மாதிரிகள்தான் சிக்கல். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் (உள் எல்லைகளில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாத நாடுகளின் கூட்டு) உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கூட்டமைப்பில் இல்லை. பாஸ்போர்ட் சோதனை இல்லை, அதனால் சுங்கமும் இல்லை என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கிளம்பும் முன்பே ஏடிஏ கார்னெட் (பொருளைத் தற்காலிகமாக வரியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) வாங்குங்கள். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். சுங்க எல்லையில் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால் பொருள் அங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். இலவசமாகக் கொடுக்கும் கையேடுகள் கார்னெட்டில் சேராது.

கேட்டவர்: அப்போ டிராமில் நாற்காலியோடு ஏற வேண்டாம்!

பதில் 2: ஆமாம், மிலானிலிருந்தே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இத்தாலியில் ஏற்றும்போது முத்திரையை மறக்காதீர்கள்.