சோடியம் மெட்டாபைசல்பைட்: வைனுக்குள்ளயோ, போத்தல் கழுவவோ?

நிலாவெளிப்பெடியன்:
கிறிஸ்மஸுக்கு 20 லீட்டர் முந்திரிகைப்பழ வைன் போடப்போறம். டவுன்ல தேடினதில சோடியம் மெட்டாதான் (கிருமி அடக்குற சல்பைட் பவுடர்) கிடைச்சுது, பொட்டாசியம் மெட்டா இல்லையாம். அத வைனுக்குள்ள போடலாமோ? கேன் கழுவ, கிணத்துக்குப் போடுற குளோரின் காணும் எண்டு மச்சான் நிக்கிறார். சல்பைட்டும் கள்ளு முட்டிக்கு சுண்ணாம்பு தடவுற மாதிரித்தானே?

பாலையூத்து அன்ரி:
தம்பி மச்சான்ர கதையக் கேக்காதேங்கோ. குளோரின் மிச்சம் தக்கையிலயோ மரத்திலயோ நிண்டா டிசிஏ (TCA) எண்டு ஒரு நாத்தப் பொருள் உண்டாகும், வைன் நனைஞ்ச காட்போட் மாதிரி மணக்கும், பிறகு ஒண்டுஞ் செய்யேலாது. குளோரினோட அமிலம் சேந்தா நச்சு வாயு வேற. முதல்ல சுடுதண்ணி, சோப் போட்டு ஊத்தையக் கழட்டுங்கோ, ஊத்தைக்கு மேல எந்த மருந்து ஊத்தினாலும் சும்மா.

உவர்மலை வாத்தி:
சுண்ணாம்புக்கும் இதுக்கும் நேரெதிர். சுண்ணாம்பு காரத்தக் கூட்டிப் புளிக்க விடாது, சல்பைட் புளிப்பிலதான் வேலை செய்யும். பிஎச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 3.4 எண்டா சுயாதீன சல்பர் டயொக்சைட் (பவுடரில இருந்து வாற வாயுவில, வைனில ஒண்டோடயும் ஒட்டாம நிக்கிற பங்கு) 30 பிபிஎம் (லீட்டருக்கு மில்லிகிராம்) அளவில காணும், 3.8க்குப் போனா 80 கிட்டத் தேவை, அதால பிஎச் தாளில பாக்காம கண்மதிப்பில போடுறது வீண்வேலை. சோடியமும் போடலாம், ஆனா உணவுத்தரமா இருக்கோணும், வைன்ல சோடியம் கூடுறது பிடிக்காமத்தான் கனபேர் பொட்டாசியம் தேடுறவை. பொட்டாசியத்தில எடைக்கு 57 வீதம் வாயு வரும், சோடியத்தில 67, அதால கொஞ்சம் குறைச்சுப் போடோணும். உங்கட 20 லீட்டருக்கு சோடியம் ஒண்டரைக் கிராம் போட்டா 50 பிபிஎம் வரும், துணியால மூடி ஒரு நாள் விட்டுட்டு ஈஸ்ட் போடுங்கோ, உடனே போட்டா ஈஸ்ட்டும் அடிபடும். கேன், போத்தலுக்கு லீட்டருக்கு 10 கிராம், கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேத்துக் கரைச்சு எல்லா இடமும் படுற மாதிரிச் சுத்தி, பத்து நிமிசம் விட்டு ஊத்திப்போட்டு நல்ல தண்ணியால அலசுங்கோ.

கடற்காத்து:
கரைக்கேக்க யன்னலத் திறந்து வையுங்கோ, முகர வேண்டாம். குடிக்கிறவைக்குள்ள ஆஸ்துமாக்காரர் இருந்தா முதலே சொல்லிப்போடுங்கோ, ஐரோப்பாவில 10 பிபிஎம்முக்கு மேல எண்டாலே லேபல்ல போடோணும். எங்கட ஈரக் காத்துக்கு பவுடர் கெதியா வலு குறைஞ்சிடும், திறந்த பக்கெட்ட இறுக்கி மூடுங்கோ, பழசெண்டா வேண்டாம். இனிப்பு வைன் எண்டா சல்பைட்ட மட்டும் நம்பி அடைக்காதேங்கோ, திரும்பப் புளிக்கத் தொடங்கிப் போத்தல் வெடிக்கும், ஈஸ்ட் திரும்பப் பெருகாம மறிக்கிற பொட்டாசியம் சோர்பேட்டும் வேணும்.

நிலாவெளிப்பெடியன்:
இனிப்புத்தான் போடுறது, சோர்பேட்டும் தேடோணும் போல. பிஎச் தாள் திருக்கோணமலையில எங்க எடுக்கலாம், மீன்தொட்டிக் கடையில இருக்குமோ?